ஏழாவது தடைக்குப் பிறகு

அன்புள்ள இளமதிக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தடையில்லாத 400 மீட்டரில் விளையாட்டு விடுதியிலேயே நீதான் முதல். தடைகளை வைத்து ஓடினால் மட்டும் ஏழாவது தடைக்குப் பிறகு கால் தடுமாறுகிறது, அதனால் இனி ஜிம்மில் எடையைக் கூட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். எடைப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் தடுமாற்றம் எதனால் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டு.

உடற்கல்வி நூல்கள் உடல் தகுதியை இரண்டு தொகுதியாகப் பிரிக்கின்றன. இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும் திறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடலில் கொழுப்பும் தசையும் அமைந்திருக்கும் விகிதம் ஆகிய ஐந்தும் எல்லாருடைய ஆரோக்கியத்துக்கும் வேண்டியவை. வேகம், வெடிப்பாற்றல், சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைப்பு, எதிர்வினை நேரம் ஆகிய ஆறும் விளையாட்டுத் திறமையோடு சேர்ந்தவை. ஒவ்வொரு போட்டியும் இவற்றில் சிலவற்றைக் கறாராகக் கேட்கும், சிலவற்றில் விட்டுக்கொடுக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட்டின் எதிர்வினை நேரம் 0.165 வினாடி. பக்கத்தில் நின்ற பலர் அவரைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். ஆனாலும் 9.69 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். தொடக்கத்தில் இழந்ததை அவருடைய உச்ச வேகம் மீட்டுக் கொடுத்தது.

400 மீட்டர் தடை ஓட்டத்தில் அந்தச் சலுகை குறைவு. பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். முதல் தடைக்கு 45 மீட்டர், அதன்பின் தடைக்குத் தடை 35 மீட்டர், பத்தாவதைத் தாண்டிய பின் 40 மீட்டர். கணக்குப் போட்டுப் பார், ஏழாவது தடை 255 மீட்டரில் நிற்கிறது. உடம்பு களைக்கத் தொடங்கும் இடம் அது. அங்கே வேகத் தாங்குதிறன் குறைகிறது, குறைந்ததும் காலடியின் நீளம் சுருங்குகிறது.

பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. தடைகளுக்கு இடையே 15 காலடி வைத்து ஓடினால் ஒவ்வொரு தடையையும் ஒரே கால் முன்னே சென்று தாண்டும். அடியின் நீளம் சுருங்கி எண்ணிக்கை 16 ஆகும்போது மறு கால் முன்னே போயாக வேண்டும். அந்தக் காலுக்குப் பழக்கம் இல்லாவிட்டால், ஓடுபவர் தடைக்கு முன்னால் குட்டி அடிகள் வைத்துத் திணறுவார், அல்லது எட்டாத தூரத்திலிருந்து தாவுவார். இதில் வலிமையின் பங்கு கொஞ்சம். தாங்குதிறனும் ஒருங்கிணைப்பும்தான் பெரும்பங்கு.

அமெரிக்காவின் எட்வின் மோசஸ் எல்லாத் தடைகளுக்கும் இடையே 13 அடி என்ற கணக்கைக் கடைசிவரை காப்பாற்றியவர். அவர் காலத்தில் மற்றவர்கள் பாதியில் அடியைக் கூட்ட வேண்டியிருந்தது. 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் அவரை யாரும் வெல்லவில்லை. இன்றைய உலக சாதனையாளர் சிட்னி மெக்லாஃப்லின்-லெவ்ரோன் எந்தக் காலாலும் தாண்டக்கூடியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓடிய நேரம் 50.37 வினாடி.

நம் பக்கத்துக் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். ஒலிம்பிக் கிராமத்தில் தன் உடம்புக்கு ஏற்ற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் சக்தி குறைந்ததற்கு அதுவும் காரணம் என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42இல் ஓடிச் சமன் செய்தார். இறுதியில் வெண்கலமும் வென்றார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் அதற்காகப் பட்டினி கிடக்காதே. உணவு போதாத உடம்பில் தசை கரையும், எலும்பு பலவீனமாகும். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம் என்று விடுதியில் பேசிக்கொள்வார்கள், நம்பாதே. அது உடம்பு தரும் எச்சரிக்கை. நின்றுபோனால் மருத்துவரைப் பார்.

இனி பயிற்சி வரிசை. நன்றாக வார்ம்-அப் செய்த பிறகு, உடம்பு களைப்பில்லாமல் இருக்கும்போதே வேகத்தையும் தடை தாண்டும் நுட்பத்தையும் பழகு. வலிமைப் பயிற்சி அதற்குப் பிறகு, நீண்ட தாங்குதிறன் ஓட்டம் கடைசியில். களைத்த காலோடு நுட்பம் பழகினால் தவறான அசைவே படிந்துவிடும். ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச்களை ஓட்டத்துக்குப் பின்னால் வைத்துக்கொள், முன்னால் செய்தால் வெடிப்பாற்றல் சற்றுக் குறையும். இடுப்பு நன்றாக விரிந்து கொடுத்தால்தான் தடைக்கு மேல் உடம்பு எழும்பாமல் தாழ்வாகக் கடந்து போக முடியும். அதனால் இடுப்புக்கான ஸ்ட்ரெட்ச்சை ஒரு நாளும் விட்டுவிடாதே. கடும் ஓட்டம் ஓடிய மறுநாள் லேசான பயிற்சி போதும்.

அடுத்த சில வாரங்கள், உனக்குப் பழக்கமில்லாத வலது கால் முன்னே போகும்படி ஐந்து தடைகளை மட்டும் வைத்து, மெதுவான வேகத்தில் பழகு. தோழி ஒருத்தியை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, தடைகளுக்கு இடையே எத்தனை அடி வைக்கிறாய் என்று எண்ணச் சொல். கூடவே 30 மீட்டர் நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் நீளம், உட்கார்ந்து கால் விரலைத் தாண்டிக் கை எட்டும் தூரம், 300 மீட்டர் நேரம் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதி வை. முதல் மூன்றும் நன்றாக இருந்து 300 மீட்டரில் மட்டும் சரிந்தால் எடைத்தட்டுகள் காத்திருக்கலாம். தாண்டும் நீளமும் குறைவாக இருந்தால், உன் கோச்சிடம் கேட்டு ஸ்குவாட்டைக் கூட்டிக்கொள்.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வா. நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இரண்டு தடைகள் கிடக்கின்றன, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை