எந்த ஜாக்கி நல்ல ஜாக்கி?



திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை வானூர் வட்டத்தின் வழியாகப் போகிறது. சவுக்குத் தோப்புகள் மிகுந்த பகுதி இது. சவுக்குக் கட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகளை இங்கு அடிக்கடி காணலாம். கார்த்திகை மாதத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில், அப்படி ஒரு வண்டியில் உங்கள் மாமாவுடன் நீங்கள் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று இடப்புறப் பின் டயர் பஞ்சராகிவிடுகிறது. மாமா வண்டியை ஓரங்கட்டுகிறார். இடப்புறச் சக்கரங்கள் தாரை விட்டிறங்கி ஈரச் செம்மண்ணில் நிற்கின்றன. ஸ்டெப்னி தயாராக இருக்கிறது. வண்டியைத் தூக்க எத்தகைய ஜாக்கி வேண்டும்?

"பெரிய ஜாக்கியாக வாங்கினால் போயிற்று" என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எவ்வளவு எடை? எவ்வளவு உயரம்? எப்படிப்பட்ட தரை? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே ஜாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு எடை?

சுமையுடன் வண்டியின் மொத்த எடை 3 டன் என்று கொள்வோம். 3 டன்னையும் நாம் தூக்கப் போவதில்லை. மற்ற மூன்று சக்கரங்களும் தரையில்தான் இருக்கின்றன. பின்புறம் சுமை மிகுதி. ஆகவே பின்னச்சின் மீது 2 டன் இறங்குவதாகக் கொண்டால், ஒரு சக்கரத்தின் பங்கு 1 டன், அதாவது 1000 கிலோகிராம். ஆனால் சுமை ஒருபுறம் சாய்ந்திருக்கலாம், சாலையும் சரிந்திருக்கலாம். எனவே இரண்டு மூன்று மடங்கு தாங்கும் ஜாக்கியைக் கொள்வதே அறிவுடைமை. தாங்கும் அளவு ஜாக்கியின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். சிறிய காருக்கென்று கொடுக்கப்படும் கத்தரி ஜாக்கியை இந்த வண்டிக்குக் கடன் வாங்கக் கூடாது.

கை எப்படி 1 டன்னைத் தூக்குகிறது?

திருகு ஜாக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் புரியிடைத் தூரம் 4 மி.மீ. என்றும், கைப்பிடியின் நீளம் 20 செ.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும்போது கை 1256 மி.மீ. நகர்கிறது, பளுவோ 4 மி.மீ. மட்டுமே உயர்கிறது. விகிதம் 314. உராய்வே இல்லையென்றால் சுமார் 3 கிலோகிராம் விசை போதும். ஆனால் நம் முயற்சியில் முக்கால் பங்கை உராய்வு விழுங்குவதாகக் கொண்டால், 13 கிலோகிராம் தேவைப்படும்.

உராய்வு வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கையை எடுத்ததும் திருகு தானே பின்னோக்கிச் சுழன்று வண்டி இறங்கிவிடாமல் தடுப்பது அந்த உராய்வேயாகும்.

பாட்டில் ஜாக்கி எனப்படும் எண்ணெய் ஜாக்கியில் நடப்பது வேறு. அடைபட்ட திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட இவ்விதியைக் கொண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஜாக்கி அதன் வழித்தோன்றல். சிறிய பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்புகளின் விகிதம் 9. கைப்பிடி ஒரு நெம்புகோல். அது 20 மடங்கு தருவதாகக் கொண்டால், மொத்தம் 180 மடங்கு. உராய்வு நீங்கலாக 6 கிலோகிராமுக்கும் குறைவான விசையே போதும்.

இது இலவசமன்று. வண்டியை 15 செ.மீ. தூக்க, உங்கள் கை மொத்தம் 27 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். விசையில் பெற்ற லாபத்தைத் தொலைவில் திருப்பிக் கொடுக்கிறோம். மேலும், இதில் வண்டியைத் தாங்கி நிற்பது எண்ணெயும், ஒரு சிறு வால்வும், ரப்பர் வளையமும்தான். எண்ணெய் கசிந்தால் ஜாக்கி மெல்ல இறங்கும்.

எவ்வளவு உயரம்?

பிக்கப் வண்டியின் பின்புறம் ஸ்பிரிங் பட்டைகள் உண்டு. ஜாக்கியைச் சட்டத்தின் கீழ் வைத்துத் தூக்கினால், பட்டைகள் விரிந்துகொண்டே போகும். சக்கரம் நெடுநேரம் தரையை விட்டு எழும்பாது. ஆகவே பின்சக்கரத்துக்கு, அச்சின் கீழே, பட்டைக்கு அருகில் ஜாக்கியை வைப்பது வழக்கம். ஆனால் எந்த வண்டிக்கும் அதன் கையேடு காட்டும் இடமே இறுதியானது.

இங்கே இரண்டு உயரங்களைக் கவனிக்க வேண்டும். காற்றிறங்கிய டயரால் அச்சு தாழ்ந்திருக்கும். அந்த இடைவெளியில் ஜாக்கி நுழைய வேண்டும். காற்று நிறைந்த ஸ்டெப்னிக்குக் கூடுதல் இடம் வேண்டும். அந்த அளவுக்கு ஜாக்கி உயரவும் வேண்டும். இரண்டையும் ஒரு நாடாவால் வீட்டிலேயே அளந்துவிடலாம். பல பாட்டில் ஜாக்கிகளின் தலையில் நீட்டிக்கொள்ளும் திருகு ஒன்று இருக்கும். அது இங்கே பெரிதும் உதவும்.

எப்படிப்பட்ட தரை?

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருகிறோம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் இரு கால்களையும் ஊன்றி நிற்கிறார். பாதங்களின் பரப்பு 300 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோகிராம் அழுத்தம். இதற்கே சேற்றில் கால் புதைகிறது. 10 செ.மீ. சதுர அடிப்பகுதி கொண்ட ஜாக்கி 1000 கிலோகிராமைத் தாங்கும்போது, ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிலோகிராம். உங்கள் பாதத்தைப் போல் 50 மடங்கு!

ஈரச் செம்மண் இதைத் தாங்காது. ஜாக்கி ஒருபுறம் அமிழும், சாயும், வண்டி நழுவி விழும். இங்கே 10 டன் ஜாக்கியும் 3 டன் ஜாக்கியும் ஒன்றே. ஜாக்கிக்கு அடியில் 30 செ.மீ. சதுரமுள்ள தடித்த கட்டைப் பலகையை வைத்தால், அழுத்தம் 1.1 கிலோகிராமாகக் குறைகிறது. ஆனால் அதன் தடிமனையும் முன்பு அளந்த இடைவெளியில் கழித்துக்கொள்ள வேண்டும். மண் கொழகொழவென்று இருந்தால் பலகையும் போதாது. வண்டியை மெல்ல நகர்த்திக் கெட்டியான தரைக்குக் கொண்டுபோவதே மேல். டயர் போனாலும் பரவாயில்லை.

கியரை நம்பலாமா?

வண்டியைக் கியரில் நிறுத்தினால் அசையாது என்பர். பின்னச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு உள்ளது. அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பியதும் அது தடையின்றிச் சுழலும். மற்றது எதிர்த்திசையில் உருளலாம். கியர் தடுக்காது. எனவே கைபிரேக்கைப் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுத்துவிட வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றும் வரை ஸ்டெப்னியையும், பிறகு பழைய சக்கரத்தையும் சட்டத்தின் அடியில் படுக்கப் போட்டு வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதும் தரையில் விழாது.

ஒன்றை மறவாதீர்கள்: ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்கி நிற்பதற்கு அன்று. ஜாக்கியில் நிற்கும் வண்டியின் கீழே தலையையோ கையையோ ஒருபோதும் நுழைக்கக் கூடாது.

ஆகவே மாமாவுக்கு நாம் சொல்லும் விடை இது: 3 டன் தாங்கும் குட்டையான பாட்டில் ஜாக்கி ஒன்று, தடித்த பலகை ஒன்று, சக்கரக் கட்டைகள் நான்கு. இவை மூன்றும் சேர்ந்ததே நல்ல ஜாக்கி!

செய்து பாருங்கள்

ஒரு செங்கல்லை ஈரமணலில் முதலில் படுக்கையாகவும், பிறகு பக்கவாட்டிலும், இறுதியில் நிமிர்த்தியும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பதிந்த ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எடை மாறவில்லையே, ஆழம் ஏன் மாறியது? காரணத்தை உங்கள் நண்பருக்கு விளக்குங்கள்.