சிட்டை ஒன்று, பேரேடு இரண்டு: செல்போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிட்டை வேறு, பேரேடு வேறு என்பது வியாபாரிகள் அனைவரும் அறிந்ததே. லைனுக்குப் போகும்போது கையில் இருப்பது சிட்டை. கடையில் இருப்பது பேரேடு. இன்று நம்மில் பலருக்குச் செல்போனே சிட்டை, கம்ப்யூட்டரே பேரேடு. அந்தக் கம்ப்யூட்டரும் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. ஒரு சிட்டையை இரண்டு பேரேடுகளில் கம்பியில்லாமல் ஏற்றும்போது கணக்கு குழம்ப வாய்ப்புண்டு. அதைத் தவிர்க்கும் வழியை இங்கே பார்ப்போம்.

கைக்கருவி வந்த வழி

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாம் நிறுவனத்தின் 'பைலட்' என்ற கைக்கருவி விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அக்கருவியில் முகவரி, நாட்குறிப்பு முதலியவற்றை எழுதி, ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். 1998-இல் வந்த கருவியில் அகச்சிவப்புக் கதிர் வசதி இருந்தது. நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கைக்கருவியை உருவாக்கினர். 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அது விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. பின்னர் அந்த வேலைகளையெல்லாம் செல்போனே எடுத்துக்கொண்டது.

பாம் கருவியின் வேலைமுறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மாற்றிய ஒவ்வொரு குறிப்பிலும் அது ஓர் அடையாளம் வைக்கும். கம்ப்யூட்டருடன் இணைந்ததும் அடையாளம் உள்ளவற்றை மட்டும் அனுப்பிவிட்டு, அடையாளத்தை அழித்துவிடும். நாம் சிட்டையில் ஏற்றிய வரிக்கு 'டிக்' போடுவது போல! ஆனால் ஒரு பேரேட்டுக்குப் போட்ட டிக், மற்றொரு பேரேட்டுக்குச் செல்லாது அல்லவா? ஆகவே கடைசியாக இணைந்தது வேறு கம்ப்யூட்டர் என்று தெரிந்தால், அக்கருவி எல்லாக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. நேரம் கூடுதலாயிற்று, விடுதல் வரவில்லை. ஒரே குறிப்பை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால், இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவை உரிமையாளரிடம் விட்டுவிட்டது.

ஒரு கணக்கு பார்ப்போம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு மளிகைக் கடையின் பாக்கி ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். லைனில் ரூ.6,000 வசூலாகிறது. செல்போனில் பாக்கி ரூ.12,000 ஆகிறது. அதே நேரம் சாத்தூர்க் கடையில் மகன் அதே கணக்கில் ரூ.4,500-க்குப் பருப்பு அனுப்பி, பாக்கியை ரூ.22,500 என்று ஆக்குகிறார். மாலையில் இரண்டும் இணைகின்றன. பாக்கித் தொகையை மட்டும் மாற்றி எழுதும் மென்பொருளாக இருந்தால், கடைசியில் எழுதியதே நிற்கும். ரூ.12,000 நின்றால் அனுப்பிய சரக்கு போயிற்று. ரூ.22,500 நின்றால், கட்டிய பணத்தையே திரும்பக் கேட்டு வாடிக்கையாளர் மனக்கசப்பைத் தேடிக்கொள்வோம். உண்மையான பாக்கி ரூ.16,500.

இதற்குப் பரிகாரம் நம் பழைய முறையிலேயே உள்ளது. பாக்கியை அனுப்பாமல் பற்றையும் வரவையும் தனித்தனி வரியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தனி எண் இருக்க வேண்டும். அப்போது எது முன்னே வந்தாலும் கூட்டுத்தொகை சரியாக வரும். அதே ரூ.6,000 வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக ஒருமுறையும், நேரடியாக ஒருமுறையும் கடைக்கு வந்தால், எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடலாம். எண் இல்லையென்றால் இருமுறை கழிந்து பாக்கி ரூ.10,500 என்று காட்டும். மென்பொருள் வாங்கும்போது இவ்விரண்டையும் விற்பவரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இணைப்பு முறைகள்

புளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரம் வரை எட்டும். ஒரு செல்போனைக் கடை, வீடு என்று பல கம்ப்யூட்டர்களுடன் ஜோடி சேர்க்கலாம். ஒவ்வொன்றுடனும் முதன்முறை தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் தோன்றினால், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சம்மதம் தாருங்கள். வைஃபை முறையில் இரண்டு கருவியும் பொதுவாக ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கடை வைஃபையில் உள்ள செல்போன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தானாகக் கண்டுபிடிக்காது. அதற்கு இன்டர்நெட் வழி ஏற்பாடு தேவை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கடைக் கம்ப்யூட்டரோ வீட்டுக் கம்ப்யூட்டரோ, ஒன்றையே மூலப் பேரேடாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது பார்வைக்கு மட்டும் இருக்கட்டும்.

2. இரண்டிலும் பில் போட்டே ஆகவேண்டும் என்றால், கடைக்கு 'க', வீட்டுக்கு 'வ' என்பது போல் வரிசையைப் பிரியுங்கள். சட்டம் ஏற்கும் எழுத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் இருமுறை வரக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

3. செல்போன், கம்ப்யூட்டர் இவற்றின் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். 'கடைசியில் எழுதியது எது' என்பதை அவை கடிகாரத்தைக் கொண்டே முடிவு செய்வதுண்டு.

4. லைனுக்குச் செல்லும் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுங்கள். இருவர் ஒரே பெயரில் ஏற்றினால் யார் வசூல் எது என்று தெரியாது.

5. முதன்முறை இணைக்கும் முன்னும், வாரம் ஒருமுறையும் கணக்கைத் தனியே நகல் எடுங்கள். இணைப்பு என்பது நகல் அல்ல. ஓரிடத்தில் தவறுதலாக அழித்தது மற்ற இடத்திலும் அழிந்துவிடும். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும்.

6. செல்போனை விற்றாலோ, ஆள் வேலையை விட்டு நின்றாலோ, அந்த ஜோடியைக் கம்ப்யூட்டரிலிருந்து உடனே நீக்குங்கள்.

7. இரவு கடை கட்டும் முன் கைரொக்கம், வசூல் தொகை, செல்போன் கணக்கு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தால் அரை மணியில் தீரும். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால், வாடிக்கையாளர் சொல்வதுதான் கணக்கு.