கட்டணமற்ற இணையவழிப் பாடநெறிகள்: வாய்ப்பும் எல்லையும்

வேலைக்கும் குடும்பப் பொறுப்புகளுக்கும் இடையே கல்வியைத் தொடர விரும்பும் வதிவாளர்களுக்கு, எவரும் கட்டணமின்றிச் சேரக்கூடிய பெருந்திரள் இணையவழிப் பாடநெறிகள் நல்வாய்ப்பாக அமைந்துள்ளன. அவற்றால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

இதுவரை கண்ட அனுபவம்

2011 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடநெறி ஒன்றை இணையத்தில் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 160,000 பேர் பதிவுசெய்தனர். இறுதிவரை பயின்றோர் ஏழெட்டில் ஒரு பங்கினரே. பதிவுசெய்வது எளிது, மேற்பார்வையின்றித் தொடர்ந்து பயில்வதே கடினம். இத்தகைய வாய்ப்புகளையும் சவால்களையும் ஆராய நோர்வே அரசு 2013 இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது; அதன் அறிக்கை 2014 இல் வெளிவந்தது.

கற்றலும் சான்றும்

கற்பது வேறு, கற்றதை நிறுவுவது வேறு. இந்தியாவில் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் பாடநெறிகளில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்கு விரிவுரைகளைக் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தி, தேர்வு நிலையத்திற்கு நேரில் சென்று தேர்வெழுத வேண்டும்.

நோர்வேயில் ஓராண்டு முழுநேர உயர்கல்வி 60 கல்விப்புள்ளிகளுக்குச் சமம். இப்புள்ளிகளை அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமே வழங்க முடியும். பாடநெறியை நிறைவுசெய்ததாகக் கூறும் சான்றிதழ் மட்டும் கல்விப்புள்ளி ஆகாது. தாதியர் போன்ற தொழில்களுக்குச் சுகாதார இயக்குநரகம் வழங்கும் அனுமதிக்கும், குடியுரிமைக்கு வேண்டிய மொழித்தேர்ச்சிக்கும் அது ஈடாகாது. இதை அறியாமல் பல மாதங்களைச் செலவிட்டபின் ஏமாற்றமடைவது தவிர்க்கக்கூடியதே.

ஆயினும் இவற்றின் பயன் சிறிதன்று. துரொண்ட்ஹைம் நகரிலுள்ள என்டிஎன்யு பல்கலைக்கழகம் தொடக்கநிலை நோர்வேஜிய மொழிப் பாடநெறியை இணையத்தில் இலவசமாக வழங்குகின்றது. அதன் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், ஆங்கிலம் அறியாதோர் துணையோடு பயில்வது நன்று. மொழித்தேர்வுக்கோ முறையான கல்விக்கோ ஆயத்தமாவதற்கு இத்தகைய பாடநெறிகள் பெரிதும் உதவும்.

பதிவுசெய்யுமுன் கேட்க வேண்டியவை

1. பாடநெறியை வழங்குவது எந்த நிறுவனம்? அது அங்கீகாரம் பெற்றதா?
2. கல்விப்புள்ளி உண்டா, நிறைவுச் சான்றிதழ் மட்டுமா?
3. சான்றிதழுக்கோ தேர்வுக்கோ பின்னர் கட்டணம் கோரப்படுமா?
4. வாரத்திற்கு எத்தனை மணிநேரம் வேண்டும்? அந்நேரம் உங்களிடம் உண்டா?
5. நீங்கள் நாடும் தொழில்வழங்குநரோ கல்வி நிறுவனமோ அச்சான்றிதழை ஏற்குமா? இதனை எழுத்துமூலம் கேட்டுப் பெறுக.

வீட்டில் கணினி வசதி இல்லாதோர் பேர்கன் பொது நூலகத்தின் கணினிகளையும் இணையத்தையும் பயன்படுத்தலாம். இருவர் மூவராகச் சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கிப் பயில்வது இடைவிலகலைத் தவிர்க்க உதவும்.