"எங்கேயிருந்து எடுத்தே?"



புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் சீனியரின் ரிப்போர்ட்டை வாங்கி அட்டையை மாற்றுவதுதான் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன், வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்கும் வரை.

"ஆர்.சி.சி.க்குக் குறைஞ்சபட்சம் எம்15 கான்கிரீட்னு எழுதியிருக்கியே தம்பி, எங்கேயிருந்து எடுத்தே?"

"ஐ.எஸ். 456 சார்."

"எந்த வருஷத்து 456?"

திருதிருவென முழித்தேன். லைப்ரரியில் கிடந்த பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியது அது! 1978-ம் வருட ஐ.எஸ். 456 எம்15-ஐ அனுமதித்தது. 2000-ல் வந்த திருத்தம் அதை எம்20 ஆக உயர்த்திவிட்டது. கோடு புத்தகத்தைத் திறந்து, நம்பரோடு வருஷத்தையும் குறித்திருந்தால் தப்பு அப்போதே பிடிபட்டிருக்கும். ரிப்போர்ட் என்பதால் மார்க்கோடு போயிற்று. சைட்டில் காலம் போடும்போது என்றால்?

ஆகவே, ஆதாரம் காட்டுவது வெறும் சடங்கு இல்லை நண்பர்களே. பொறியியல் கட்டுரைகளில் பெரிதும் வழங்கும் ஐ.இ.இ.இ. முறை நமக்கு ரொம்ப சுலபம்:

1. பிறரிடமிருந்து எடுத்த செய்தி வரும் வாக்கியத்தின் முடிவில், முற்றுப்புள்ளிக்கு முன், [1] என்று சதுர அடைப்புக்குள் எண் போடுங்கள். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் எண் வேண்டும்.

2. முதலில் வருவது 1, அடுத்தது 2. அகர வரிசை கிடையாது. அதே நூல் மறுபடி வந்தால் பழைய எண்ணே. பக்கமும் காட்டலாம்: [1, பக். 45].

3. கடைசியில் உள்ள பட்டியலில் நூலை எழுதும்போது இனிஷியல், ஆசிரியர் பெயர், நூல் பெயர், பதிப்பு, ஊர், பதிப்பகம், வருஷம் என்று வரிசையாக எழுத வேண்டும். இனிஷியல் முன்னால் வருவது நம்ம ஊர் வழக்கம்தானே!

4. கோடு புத்தகம் என்றால் தலைப்பு, ஐ.எஸ். எண், வெளியிட்ட அமைப்பு, வருஷம். என்னை மாதிரி வருஷத்தை விட்டுவிடாதீர்கள்.

5. இணையதளம் என்றால் பக்கத்தின் தலைப்பு, முகவரியோடு நீங்கள் பார்த்த தேதியும் வேண்டும். நாளைக்கு அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

நம் லேபில் நாமே கியூப் உடைத்து எடுத்த அளவுக்கு எண் தேவையில்லை. அது நம் உழைப்பு. அதே நேரம், சீனியரின் ரிப்போர்ட்டில் மட்டும் பார்த்துவிட்டு, கோடு புத்தகத்தையே பார்த்த மாதிரி எண் போடக் கூடாது. அது பொய்க் கணக்கு. மூலத்தைத் திறந்து பார்த்து, பிறகு எழுதுங்கள்.

சில துறைகளில் பெயரும் வருஷமும் போடும் ஏ.பி.ஏ. முறையைக் கேட்பார்கள். கைடிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் ரிப்போர்ட் முழுக்க ஒரே முறைதான்.

நாளை நாம் கையெழுத்துப் போடும் வரைபடத்தை நம்பி ஒரு குடும்பம் அந்த வீட்டில் தூங்கப் போகிறது. "எங்கேயிருந்து எடுத்தே?" என்று யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல இன்றே பழகுவோம்!