வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானப் பாடம்: ஸ்டால்

முதலில் தியரி, பிறகு சிமுலேட்டர், அதன் பின் நிஜ விமானம். விமானம் ஓட்டப் பழக இதுவே பாதுகாப்பான வரிசை. அமெரிக்காவின் எட்வின் லிங்க் 1929-ல் தரையில் அசையும் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். 1934-ல் தபால் விமானங்கள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து ராணுவ விமானிகள் இறந்த பிறகே அந்நாட்டு ராணுவம் அதை வாங்கியது. இன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓரளவு பழகலாம். ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

தியரி

ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவை மீறினால், மேல்புறக் காற்று இறக்கையை விட்டுப் பிரியும். தூக்கு விசை குறைந்து விமானம் இறங்கும். அப்போது மூக்கைத் தூக்கத்தான் கை துடிக்கும். செய்ய வேண்டியதோ மூக்கைத் தாழ்த்துவது. 2009 ஜூன் 1-ல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் ஸ்டாலில் இருந்தபோதும் அதன் மூக்கு பெரும்பாலும் தூக்கியே பிடிக்கப்பட்டது. 228 பேரும் இறந்தனர்.

செய்முறை

1. செஸ்னா 172 விமானத்தைத் தேர்வு செய்யுங்கள். லொகேஷன் பகுதியில் உயரம் 4000 அடி, வேகம் 100 நாட் எனக் கொடுத்துத் தொடங்குங்கள்.

2. பேஜ் டவுன் கீயை அழுத்தி இன்ஜின் சக்தியை முழுவதும் குறையுங்கள்.

3. உயரம் குறையாதபடி கீழ் அம்புக்குறி கீயைச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். மூக்கு உயரும், வேகம் குறையும்.

4. எச்சரிக்கை ஒலி கேட்டு மூக்கு தானே விழுந்தால் அதுதான் ஸ்டால்.

5. உடனே மேல் அம்புக்குறியைத் தட்டி மூக்கைத் தாழ்த்துங்கள். பேஜ் அப் கீயால் முழு சக்தி கொடுங்கள். வேகம் கூடியதும் மெதுவாக நிமிர்த்துங்கள்.

எத்தனை அடி இழந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். தரைக்கு அருகில் இது நடந்தால் அந்த உயரம் உங்களிடம் இருக்காது. கை தானாக மூக்கைத் தாழ்த்தும் வரை பத்து முறையாவது செய்யச் சொல்வேன்.

கவனிக்க

வீட்டு நாற்காலியில் விமானத்தின் அதிர்வும் இழுப்பும் தெரியாது. மீட்டர்களையே பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். நிஜத்தில் கண் பெரும்பாலும் வெளியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். வீட்டு சிமுலேட்டர் நேரம் அதில் சேராது. ஆனால் பாடம் புரிந்து விமானத்தில் ஏறுபவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் பயன்படும்.