விலையேற்றமும் ரொக்கக் கொள்முதலும்

திருப்பூர் வட்டாரத்துப் பனியன் தொழிலாளர் பலருக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கிடைப்பது வழக்கம். வாரமெல்லாம் மளிகையைக் கடனுக்கு வாங்கிச் சனிக்கிழமைக் கூலியை அப்படியே கடைக்குச் செலுத்தும் குடும்பத்திற்கு, விலை பேசவும் வேறு கடை நாடவும் சுதந்திரமில்லை. ஆகையால் விலைவாசி ஏறுங்காலத்தில் முதலில் ஒழிக்கத்தக்கது இக்கடனே.

இங்கிலாந்து தேசத்தில் நெசவுத் தொழில் மிகுந்த ராச்டேல் நகரில், 1844-ஆம் வருஷம், 28 பேர் தலைக்கு ஒரு பவுன் வீதம் முதல் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சாமான்களுடன் கடை திறந்தனர். விற்பனை ரொக்கத்திற்கே, எடை சரியாயிருந்தது, லாபம் அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி பங்கிடப்பட்டது. சென்னை திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இம்முறையைத் தழுவியதே.

அங்கத்தினர் அனுசரிக்கத்தக்கவை:

1. கடைப் பாக்கியை ஒரேயடியாகத் தீர்க்க இயலாதோர், அரிசி ஒன்றையேனும் முதலில் ரொக்கத்திற்கு வாங்குக. பிறகு பருப்பு, எண்ணெய் என ஒவ்வொன்றாக மாற்றுக.

2. பழைய பாக்கியை வாரத் தவணையாகச் செலுத்துக. அது தீர்ந்தபின் அத்தொகையையே சங்கத்தில் சேமிப்பாகக் கட்டுக. வாரம் 50 ரூபாயாயின், 52 வாரத்தில் 2,600 ரூபாய் கைமுதலாகும்.

3. பல குடும்பத்தார் ஒன்றுகூடி மூட்டையாக வாங்கிப் பகிர்ந்து கொள்க.

4. வரவு செலவைத் தினமும் எழுதுக. குழந்தைகளின் ஆகாரத்தைக் குறைப்பது சிக்கனமாகாது.