பிள்ளையின் கையில் காசா, சாப்பாடா?

விடியற்காலை பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து, "ஏதாவது வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிடுகிறோம். அது வாங்குவதோ பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் கெரொப்போக்கும், ஒரு டின் கலர் தண்ணியும்தான்.

டின்னில் 'ஜும்லா குலா' என்று மலாயில் போட்டிருக்கும். அதுதான் சீனியின் அளவு. 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால், 325 மில்லி டின்னில் 32.5 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல்! பெரியவர்களே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. இந்தச் சீனி பல்லைச் சொத்தையாக்கும், பசியை மறைக்கும், உடம்புக்கு வலு தராது.

இதற்கு மாற்று என்ன? தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும்போதே ஒரு முட்டையையும் 10 நிமிடம் அவித்துவிடுங்கள். கூட ஒரு வாழைப்பழம், ஒரு போத்தல் கொதித்து ஆறின தண்ணீர். போதும்.

ஒரு பிள்ளை மட்டும் டப்பாவைத் திறந்தால் வெட்கப்படும். எல்லாப் பிள்ளைகளும் திறந்தால் வெட்கம் ஏது? ஆகவே லயத்தில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நாளைக்கே தொடங்குங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலையும் பழமும் விற்கச் சொல்லிக் கேளுங்கள்.